பழி சுமந்த பறவை

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் நாடுகளில் பனிக்காலம் நெடியது. மரங்கள் இலையுதிர்த்து வறுங்கிளைகளோடு நிற்கும். வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். கதிரவன் முகம் காட்டுவதும் அரிதாகும். இங்ஙனம் பல திங்கள் கழிந்தபின், ஏப்பிரல் திங்களில் ஒருநாள், எங்கோ ஒரு மரத்தின் உச்சியினின்று 'குக்கூ, குக்கூ' என்னும் குரல் எழும். தேமாச் சீராய் அமைந்த அக்குரலைக் கேட்டவுடன் முதியோர் முகம் மலர்வர்; சிறுவர் தாமும் அவ்வாறே கூவிக் களிப்பர். வேனில் வந்தது என்பதற்கு அப்பறவையின் குரலே முதற் சான்று. அவ்வாண்டின் முதற் குக்கூவைக் கேட்ட செய்தியை இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதி விடுத்தல் ஆங்கில நாட்டில் நெடுங்காலம் ஒரு வழக்கமாகவே இருந்தது.

இப்பறவையின் பெயர் அதன் குரலாலேயே அமைந்தது. ஆங்கிலேயர் இதனைக் 'குக்கூ' என்பர். செருமன் இசைப்புலவர் பீதோவன் 1808ஆம் ஆண்டில் அரங்கேற்றிய தம் 'பாஸ்டோரல்' என்னும் ஆறாம் இசைக்கோவையில் இதன் குரலைக் கிளாரினெட் என்னும் குழற்கருவியால் ஒலிக்கச் செய்தார். இயற்கையைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்து இதனை விளித்துப் பாடிய பாட்டு 1807இல் வெளிவந்தது. கருங்காட்டுப் பகுதியின் கைவினைஞர் செய்த சுவர்க்கடிகாரங்களில் மணிதோறும் கதவைத் திறந்துகொண்டு கூவுவதும் இப்பறவையின் உருவமே. இத்துணைப் புகழ் பெற்ற பறவை, புகழினும் மிகுதியாகப் பழியையும் சுமந்து நிற்கின்றது. கள்வன் என்றும், வஞ்சகன் என்றும், பெற்ற கடன் மறந்த தாய் என்றும் மக்கள் இதனைத் தூற்றுவர். அப்பழி தக்கதுதானா என்பது ஆராய்தற்குரியது.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மேனாட்டுப் பாடல்களையும் கதைகளையும் தமிழில் பெயர்ப்போர் 'குக்கூ' என்பதைக் 'குயில்' என எழுதிவிடுவது உண்டு. படிப்போர் மனக்கண்ணில் உடனே மாமரத்துக் கருங்குயில் வந்து அமரும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவையே எனினும் ஒரே இனம் அல்ல. தமிழ்நாட்டுக் குயிலின் ஆண் மின்னும் கருநிறமும் செங்கண்ணும் உடையது. கனிகளைப் பெரிதும் உண்பது. காக்கையின் கூட்டில் முட்டையிடுவது. அதன் குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்தலும் உண்டு. குக்கூவோ சாம்பல் நிற முதுகும், கருவரிகள் ஓடிய வெண்ணிற வயிறும், நீண்ட வாலும் உடையது. புழு பூச்சிகளை உண்பது. தன்னினும் மிகச் சிறிய குருவிகளின் கூட்டை நாடுவது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரந்து வாழும் இப்பறவை இமயமலைச் சாரலிலும் வேனிற்காலத்தில் இனம் பெருக்குகின்றது. தமிழகத்தில் இதனைக் காண்டல் அரிது. ஆகவே ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றிக் கூறுதல் கூடாது.

இனி, இதன்மேல் சாட்டப்படும் குற்றத்தைக் காண்போம். குக்கூ கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதில்லை, குஞ்சுக்கு இரை ஊட்டுவதுமில்லை. நாணற்புதரில் வாழும் கதிர்க்குருவி, புல்வெளியில் வாழும் நெட்டைக்காலி, வேலிக்குருவி, வாலாட்டி முதலிய சிறு பறவைகள் கூடு கட்டுவதைப் பெண்குக்கூ மறைவிலிருந்து நோக்கும். கூட்டுக்குரிய பறவை முட்டையிடத் தொடங்கியதும், பெரும்பாலும் பிற்பகற் பொழுதில், விரைந்து இறங்கும். கூட்டிலுள்ள முட்டை ஒன்றை அலகாற் கவ்வும். தன் முட்டை ஒன்றை அங்கே இட்டுப் பறந்து மறையும். இவையெல்லாம் முடிய ஏறத்தாழப் பத்து நொடிகளே ஆகும்.

குக்கூவின் முட்டை பெரும்பாலும் மற்ற முட்டைகளுக்கு முன்னரே பொரிந்துவிடும். கண் திறவாத, சிறகு முளையாத அச்சிறு குஞ்சு, பிறந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் வியத்தகு செயல் ஒன்றைச் செய்யும். கூட்டிலுள்ள முட்டையையோ குஞ்சையோ தன் முதுகில் ஏற்றி, கால்களை ஊன்றி, பின்னோக்கிக் கூட்டின் விளிம்புவரை ஏறி, வெளியே தள்ளிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் தள்ளித் தான் மட்டும் தனித்திருக்கும். வளர்ப்புப் பெற்றோர் அதற்கே இரை கொணர்ந்து ஊட்டுவர். மூன்று கிழமைக்குள் அக்குஞ்சு கூடு கொள்ளாமல் வளர்ந்து, ஊட்டும் குருவியைப்போலப் பன்மடங்கு பெரிதாகி நிற்கும். சிறு குருவி அதன் முதுகின்மேல் நின்று, அகன்ற செவ்வாய்க்குள் தன் தலையையே நுழைத்து இரை கொடுக்கும் காட்சி, கண்டார் நெஞ்சை உருக்கும்.

இக்காட்சியே பழிக்கு வித்தாயிற்று. இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, அவ்வூரின் இயற்கை வளங்களை நுணுகி ஆராய்ந்து, 1789ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் கில்பர்ட்டு ஒயிட்டு என்னும் சமயகுரு. எறும்பையும் மண்புழுவையும் அன்போடு நோக்கிய அப்பெரியாரே, குக்கூவின் செயல் தாய்மைக்கே இழுக்கு என வெறுத்து எழுதினார். அறிஞரே இவ்வாறு எண்ணினாரெனின், பொதுமக்கள் தூற்றியதில் வியப்பில்லை.

ஆயினும் தமிழ் இலக்கணம் கற்றார் ஒருவர் இப்பழிச்சொற்களைச் சற்றே ஆராய்வாராயின், அவற்றுள் வழு உண்மையை உடனே காண்பர். கள்வன், வஞ்சகன் என்பன உயர்திணைச் சொற்கள், பறவையோ அஃறிணை. உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்த பண்டையோர், பிற உயிர்களை இகழ்வதற்காக அவ்வாறு பகுத்திலர். நன்றும் தீதும் பகுத்துணரும் ஆற்றலைக் கொண்டே பகுத்தனர். உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பிரித்த தொல்காப்பியர், ஐம்பொறிகளுக்கு மேலாகிய மனத்தை ஆறாம் அறிவாக வைத்து, அதனை மக்களுக்கு உரிமையாக்கினார். களவு என்பது, பிறர் பொருள் என அறிந்தும் கவர்வது. வஞ்சனை என்பது, மனத்தில் ஒன்றை வைத்துப் புறத்தே ஒன்றைக் காட்டுவது. இவ்விரண்டிற்கும் மனம் வேண்டும். தீதென்னும் உணர்வு வேண்டும். விட்டொழிக்கும் உரிமையும் வேண்டும். கண்ணும் திறவாத குஞ்சுக்கு இவற்றுள் எது உண்டு?

மேலும், 'குக்கூ' எனக் கூவுவது ஆண்பறவை. பிற பறவையின் கூட்டில் முட்டையிடுவது பெண்பறவை. பெண்ணின் குரல் நீர் கொப்புளிப்பது போன்ற வேறொரு குரல். கூவும் ஆணைக் கள்வன் என்றால், அஃது எந்தக் கூட்டிலும் முட்டையிட்டதில்லை. முட்டையிடும் பெண்ணையோ கள்வன் என்றல் இயையாது. உவகையினாலும் சினத்தினாலும் திணையை மாற்றிக் கூறுதல் மக்கள் இயல்பு. இலக்கண நூலாரும் அதனை வழுவமைதி என ஏற்றுக்கொள்வர். கன்றை 'வாடா, என் செல்வமே' என அழைப்பதில் குற்றமில்லை. ஆனால் உணர்ச்சிக்குப் பொருந்தும் வழுவமைதி ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. இயற்கையை உள்ளவாறு அறிய விரும்புவோர் திணை வழுவாமற் காத்தல் வேண்டும்.

இதனாற் கேடு யாது எனச் சிலர் வினவலாம். பறவையைக் கள்வன் என்றால் அப்பறவைக்குத் தெரியப்போவதில்லை. பழித்தவருக்கும் நட்டமில்லை என அவர் எண்ணுவர். அங்ஙனம் அன்று. பழிப்புச் சொல் கண்ணுக்குத் திரையாகும். முன்னரே தீர்ப்பளித்தவர் பின்னர்ச் சான்றை நோக்கார். குக்கூவைப்பற்றிய அறிவு வளர்ந்த வரலாறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெரியம்மைக்கு 1796ஆம் ஆண்டில் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டு உலகைக் காத்த எட்வர்டு ஜென்னர், அதற்கு முன்னரே குக்கூவை ஆராய்ந்தவர். கூட்டிலிருந்த குஞ்சுகளை வெளியே தள்ளுவன வளர்ப்புப் பெற்றோரே என்று முதலில் அவர் கருதினார். அக்கருத்தை எழுதி இலண்டன் அரச கழகத்திற்கும் விடுத்தார். பின்னர், 1787ஆம் ஆண்டு சூன் திங்களில், வேலிக்குருவியின் கூடு ஒன்றில் குக்கூக் குஞ்சே மற்றக் குஞ்சை முதுகிலேற்றித் தள்ளுவதைத் தம் கண்ணாற் கண்டார். கண்டதும் முன் எழுதிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுத் திருத்தினார். திருத்திய கட்டுரை 1788இல் வெளிவந்தது. பிறந்த குஞ்சின் முதுகில் ஒரு குழி இருப்பதையும், ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்களில் அக்குழி நிரம்பிவிடுவதையும் அவர் குறித்துள்ளார். தாம் எழுதியதைத் தாமே மறுத்துத் திருத்திய அப்பண்பே அறிஞர்க்கு அணிகலன்.

ஆனால் உலகம் அதனை எளிதில் நம்பவில்லை. குருட்டுக் குஞ்சு இத்தகைய செயலைச் செய்யுமோ எனப் பலர் எள்ளினர். பறவை நூல் வல்ல ஜான் கூல்டும் நெடுங்காலம் ஐயுற்றிருந்தார். ஸ்காத்துலாந்தைச் சேர்ந்த ஓவியர் ஜெமைமா பிளாக்பர்ன் என்னும் அம்மையார், நெட்டைக்காலியின் கூட்டில் தாம் நேரிற் கண்ட அதே காட்சியைப் படமாக வரைந்து காட்டிய பின்னரே அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வம்மையார் கண்டதை வரைந்தாரேயன்றி, பறவையைப் பழிக்கவுமில்லை. அதற்காகப் பரிந்து பேசவுமில்லை.

மற்றொரு பொய்யும் வழங்கியது. பெண்குக்கூ தரையில் முட்டையிட்டு, அலகினாற் கவ்விச்சென்று கூட்டில் வைக்கும் என்று பலர் நம்பினர். எட்கர் சான்ஸ் என்பவர் 1918 முதல் 1922 வரை வூஸ்டர்சியர் என்னும் மாவட்டத்துப் பொதுப் புல்வெளி ஒன்றில் காத்திருந்து, ஒரே பெண்பறவையின் செயல்களைத் தொடர்ந்து நோக்கினார். அது கூட்டின்மேல் அமர்ந்து நேரே முட்டையிடுவதைக் கண்டு, திரைப்படமாகவும் எடுக்கச் செய்தார். 1922ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் அப்பறவை 25 முட்டைகள் இட்டதையும் கணக்கிட்டார். பல நூற்றாண்டு வழங்கிய பொய், பொறுமையுடைய இரு கண்களுக்கு முன் நில்லாதொழிந்தது.

இனி, குக்கூவைக் கள்வன் என்பார், அதற்கு இரையூட்டும் குருவியைப் பேதை என்பர். அதுவும் பொருந்தாது. கேம்பிரிட்சு நகருக்கு அண்மையிலுள்ள விக்கன் சதுப்பு நிலத்தில் நிக் டேவீசு என்னும் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் 1980களிலிருந்து பல்லாண்டுகள் கதிர்க்குருவிகளை ஆராய்ந்தனர். மரத்தாலும் பிறவற்றாலும் செய்து வண்ணம் தீட்டிய போலி முட்டைகளைக் கூட்டில் வைத்துப் பார்த்தனர். தன் முட்டையோடு ஒவ்வாத முட்டையைக் குருவி பெரும்பாலும் வெளியே எறிந்துவிட்டது. குக்கூ கூட்டருகே வரக் கண்டால் கூச்சலிட்டு அலைக்கழிப்பதும் அதன் வழக்கம். இவ்வாறு குருவி விழிப்புற்றமையாலேயே குக்கூவின் முட்டையும் காலப்போக்கில் மாறலாயிற்று. கதிர்க்குருவியின் கூட்டை நாடும் குக்கூ பசுமை கலந்த புள்ளி முட்டையிடும். நெட்டைக்காலியின் கூட்டை நாடுவது பழுப்பு நிறப் புள்ளி முட்டையிடும். ஆனால் நீல முட்டையிடும் வேலிக்குருவியின் கூட்டில் குக்கூ இடும் முட்டை சிறிதும் நிறம் ஒவ்வாதது. அக்குருவி வேற்று முட்டையை விலக்காமையின், அங்கு ஒப்புமைக்குத் தேவையும் எழவில்லை.

ஒரு புறம் காவல் வளர, மறுபுறம் அதனைக் கடக்கும் ஆற்றல் வளர்ந்தது. எண்ணற்ற தலைமுறைகளாக நடக்கும் இப்போட்டியை எந்தக் குக்கூவும் எண்ணித் தொடங்கவில்லை. கூட்டிலுள்ள குஞ்சு ஒன்றேயாயினும், பல குஞ்சுகள் ஒருங்கு கத்துவது போல விரைந்து விரைந்து குரலெழுப்பும். அதனாலேயே வளர்ப்புப் பெற்றோர் போதிய இரை கொணர்வர். இதனை நடிப்பு எனல் தகாது; அக்குரல் வாய்த்த குஞ்சுகள் பிழைத்தன, வாய்க்காதவை மடிந்தன என்பதே உண்மை. சார்லசு டார்வின் 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில் உயிர்களின் இயல்பூக்கத்தை விளக்கப் புகுந்தபோது, குக்கூவையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவர் பழி கூறவில்லை; அவ்வியல்பு படிப்படியே எங்ஙனம் தோன்றியிருத்தல் கூடும் என்பதையே ஆராய்ந்தார். உலகிலுள்ள 140க்கு மேற்பட்ட குயிற்குடும்ப இனங்களுள் ஏறத்தாழ அறுபதே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவன. எஞ்சியவை தாமே கூடு கட்டித் தம் குஞ்சை வளர்ப்பன. குடும்பத்தையே பழித்தற்கும் இடமில்லை.

குக்கூவின் வாழ்வில் மக்கள் எண்ணிப் பாராத துன்பப் பகுதி ஒன்றும் உண்டு. வளர்ந்த பறவைகள் கோடையின் நடுவிலேயே புறப்பட்டு ஆப்பிரிக்காவை நோக்கிப் பறந்துவிடும். அவற்றின் குஞ்சுகளோ பின்னரே கூட்டை விட்டு நீங்கும். ஈன்றாரை அவை கண்டதில்லை. வளர்த்தாரோ வழி அறியார். எவரும் காட்டாத வழியில், துணையின்றி, இரவில் தனித்துப் பறந்து, கடலையும் சகாராப் பாலைவனத்தையும் கடந்து, ஆப்பிரிக்காவின் பெருங்காடுகளை அவை அடைதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு முதல் பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளையினர் குக்கூக்களின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியே அவற்றின் நெறியை அறிந்துவருகின்றனர். ஆங்கில நாட்டுக் குக்கூ தன் குளிர்காலத்தைக் காங்கோ ஆற்றின் நிலப்பகுதியில் கழிப்பதை அவர்கள் கண்டனர். மங்கோலிய நாட்டில் கருவி பொருத்தப்பெற்ற ஆண்குக்கூ ஒன்று, 2019இல் புறப்பட்டு ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டை அடைந்து, 2020ஆம் ஆண்டு மே திங்களில் மங்கோலியாவிற்கே மீண்டது. அப்பறவை சென்று வந்த தொலைவு ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர். பிறர் உழைப்பில் வாழும் சோம்பேறி என்று இப்பறவையைச் சுட்டுவோர் இக்கணக்கையும் நோக்குவாராக.

இப்போது அப்பறவையின் நிலை யாது? ஆங்கில நாட்டுச் சமவெளிகளில் குக்கூவின் குரல் அருகி வருகின்றது. 1980களின் தொடக்கத்திலிருந்து பிரித்தானியாவில் அதன் தொகை பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. 2009இல் அந்நாட்டின் அழிவுக்கு அஞ்சத்தக்க பறவைகளின் செம்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பிற பறவைகள் தீண்டாத மயிர்ப்புழுக்களே குக்கூவின் சிறப்பான உணவு. அப்புழுக்களிலிருந்து தோன்றும் பெரிய விட்டில்கள் வயற்புறங்களில் குறைந்துவருகின்றன. வழியிடைத் தங்கி உண்ணும் தென்னைரோப்பிய நாடுகளில் வறட்சி மிகுகின்றது. இத்தாலி வழியாகச் செல்வனவற்றினும் ஸ்பெயின் வழியாகச் செல்வனவே மிகுதியாக இறக்கின்றன என 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. உணவுக் குறைவும் வழியிடைத் துன்பமும் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாதல் கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இங்கே எண்ணத்தக்கது ஒன்று உண்டு. குக்கூ நெடுங்காலமாகக் கதிர்க்குருவியின் கூட்டை நாடியும், கதிர்க்குருவியின் இனம் அழிந்துபோகவில்லை. குருவியின் கூடுகளுள் ஒரு பகுதியையே குக்கூ நாடும். எஞ்சியவற்றில் குருவியின் குஞ்சுகளே வளரும். ஆனால் வேலிப்புதர்களை வெட்டி, சதுப்பு நிலங்களை வடித்து, பூச்சிகளை நஞ்சிட்டு ஒழிக்கும் மனிதன் புகுந்த இடத்தில் குருவியும் இல்லை, குக்கூவும் இல்லை, அவை உண்ணும் புழுவும் இல்லை. பிறர் கூட்டிற் புகுந்து அதற்குரியோரை வெளியே தள்ளுதல் குற்றமெனின், அக்குற்றத்தை அறிந்தே செய்யும் உயிர் எது? ஆறறிவு படைத்த உயிர்க்கே அப்பழி உரியது. தன் மேல் வரவேண்டிய பழியை வாயில்லா உயிரின்மேல் ஏற்றித் தான் தப்பித்துக்கொள்ளுதல் நேர்மையன்று.

குக்கூவை நல்ல பறவை என்று போற்றுதலும் வேண்டா. தீய பறவை என்று தூற்றுதலும் வேண்டா. நன்மை, தீமை என்னும் துலாக்கோல் மக்கள் தம்மை நிறுத்துக்கொள்வதற்காக அமைந்தது. அக்கோலில் பறவையை ஏற்றினால் எடையும் தவறும், கோலும் பழுதாகும். கூட்டினின்று தள்ளப்பட்ட சிறு குஞ்சைக் கண்டு இரங்குதல் மனித நெஞ்சுக்கு அழகே. அவ்விரக்கத்தைச் சினமாக மாற்றாமல், அறியும் வேட்கையாக மாற்றிக்கொண்டவரே ஜென்னரும் பிளாக்பர்ன் அம்மையாரும் பிறரும். அவர்கள் முதலிற் கண்ணைத் திறந்தனர். பின்னரே வாயைத் திறந்தனர்.

இம்முறை பறவைக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டார் செயலைக் கேட்டவுடன் பழிப்போரும், அயல்நாட்டார் வழக்கத்தை அறியாமுன் இகழ்வோரும் உலகிற் பலர். ஒன்றன் இயல்பை அதன் இடத்திலேயே வைத்து, பொறுத்திருந்து, தீர நோக்கி, அதன் பின்னர்க் கருத்துரைக்கும் பழக்கம் இளமையிலேயே படிதல் வேண்டும். அப்பழக்கம் உடையார் வாயினின்று பழிச்சொல் எளிதில் வாராது. பழி சுமந்த அச்சாம்பல் நிறப் பறவை, தன்மேல் சாட்டப்பட்டது இன்னதென்றும் அறியாமல், அடுத்த ஏப்பிரலிலும் பாலையும் கடலும் கடந்து வந்து கூவும். அக்குரலைத் திணை வழுவாமற் கேட்கக் கற்றலே கற்றோர் கடமை.